பெரிய டிவி வாங்கும்போது கடை வெளிச்சத்தை நம்பாதீர்கள்

எங்கள் வீட்டு 40 இன்ச் டிவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் செய்தி சேனல்களில் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை அம்மாவால் படிக்க முடியவில்லை. "என்னப்பா போட்டிருக்கான்?" என்று யாரையாவது கேட்பார். கேட்டவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த வரி ஓடிப்போயிருக்கும். மூக்குக்கண்ணாடியை மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, திரையையே பெரிதாக்கிவிடலாம் என்று முடிவானது. பெரிய திரை வேண்டும் என்பதற்குப் பையனுக்குத் தனிக் காரணம் இருந்தது, அவனுடைய கேம் கன்சோல். எனக்கு ராத்திரியில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படம் பார்க்கப் பிடிக்கும். பகல் முழுக்கச் செய்தி, சாயங்காலம் கேம், ராத்திரி சினிமா. இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஒரு டிவியைத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றை எழுதி வைக்கிறேன்.

முதலில் கடையைப் பற்றி. டிவிகள் வரிசையாக நிற்கும் அந்த ஷோரூமில் வீட்டு ஹாலைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் எடுபட வேண்டும் என்பதற்காகவே டிவிகளில் 'ஸ்டோர் மோட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிரகாசம் உச்சத்தில் இருக்கும், வண்ணங்கள் தூக்கலாக இருக்கும், வெள்ளை லேசாக நீலம் பாய்ந்திருக்கும். அதில் ஓடுவதும் அதற்கென்றே எடுத்த, மிகத் துல்லியமான 4கே வீடியோ: பூ மலரும், கிளி சிறகை விரிக்கும், ராத்திரி நகரத்தில் விளக்குகள் மின்னும். எந்த டிவியில் போட்டாலும் அது அழகாகத்தான் தெரியும். வீட்டில் நாம் அதைப் பார்க்கப் போவதில்லை. நாம் பார்க்கும் நிகழ்ச்சியை, நாம் பார்க்கும் நேரத்து வெளிச்சத்தில், நாம் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. கடையில் இதற்கு நேரடியாகப் பதில் கிடைக்காது. ஆனால் கொஞ்சம் தயார் செய்துகொண்டு போனால் பாதிப் பதிலாவது கிடைக்கும்.

தயாரிப்பை வீட்டில் இன்ச் டேப்பிலிருந்து ஆரம்பித்தோம். சோபாவில் உட்கார்ந்தால் கண் இருக்கும் இடத்திலிருந்து டிவி வரும் இடம் வரை 270 சென்டிமீட்டர், அதாவது 106 இன்ச். பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. திரையின் அகலம் நம் பார்வையில் 30 டிகிரியை அடைத்தால் அன்றாடம் பார்க்க வசதியாக இருக்கும். 40 டிகிரியை அடைத்தால் தியேட்டரில் நல்ல வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கோணமெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தூரத்தை 1.6 ஆல் வகுத்தால் முதல் அளவு கிடைக்கும், 1.2 ஆல் வகுத்தால் இரண்டாவது. எங்கள் 106 இன்சுக்கு இது 66, 88 என்று வந்தது. ஆகவே 65 அல்லது 75 இன்ச், இரண்டில் எது என்பதுதான் மிச்சம்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். இன்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை அளக்கும் நீளம். 55 இன்சிலிருந்து 65 இன்சுக்குப் போனால் பத்து இன்ச்தானே கூடுகிறது என்று தோன்றும். உண்மையில் திரையின் பரப்பு 40 சதவீதம் கூடிவிடுகிறது. எங்கள் பழைய 40 இன்சோடு ஒப்பிட்டால் 65 இன்ச் திரை இரண்டரை மடங்குக்கும் மேல். அம்மா படிக்க வேண்டிய எழுத்தின் உயரம் 1.6 மடங்கு ஆகும். இதையெல்லாம் எண்ணாகக் கேட்டால் மனதில் நிற்காது. அதனால் பழைய செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, 144 சென்டிமீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிச் சுவரில் ஒட்டினோம். அது 65 இன்சின் படப்பகுதி. 75 இன்ச் என்றால் 166-க்கு 93. பெரியதை ஒட்டியதும் ஜன்னல் கதவு திறக்கும் வழியில் இடித்தது. பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் சுவர் இடம் கொடுத்தால் நான் பெரியதைத்தான் எடுத்திருப்பேன். பெரிதாகப் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்களைவிட, இன்னும் ஒரு அளவு கூட எடுத்திருக்கலாமே என்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

4கே-வா, அதைவிடப் பொடியான புள்ளிகள் கொண்ட 8கே-வா என்ற கேள்வியை நான் கண்டுகொள்ளவே இல்லை. 65 இன்ச் 4கே திரையில் ஒரு பிக்சலின், அதாவது படத்தை உருவாக்கும் ஒரு புள்ளியின், அகலம் 0.37 மில்லிமீட்டர்தான். பார்வை நன்றாக இருப்பவருக்கே ஏறத்தாழ 1.3 மீட்டருக்கு அப்பால் போனால் அது தனியாகத் தெரியாது. நாங்கள் உட்காருவது அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில். அதைவிடப் பொடியான பிக்சல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? இந்த அளவு டிவிகள் இப்போது பெரும்பாலும் 4கே-யாகத்தான் வருகின்றன, அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் பிக்சல் கணக்கில் யாரும் சொல்லாத ஒரு பக்கம் இருக்கிறது. பழைய தரத்தில் வரும் எஸ்டி சேனலின் படம் 720-க்கு 576 பிக்சல், அதாவது 4 லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பது 83 லட்சம். சரியாக 20 மடங்கு. ஆக, ஒவ்வொரு 20 பிக்சலிலும் 19-ஐ டிவியே ஊகித்துப் போட வேண்டும். இந்த ஊகம் ஒவ்வொரு கம்பெனியின் டிவியிலும் ஒவ்வொரு தினுசாக இருக்கிறது. சிலவற்றில் முகம் மெழுகு பூசின மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். சிலவற்றில் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோலப் புள்ளிகள் நெளியும். சின்னத் திரையில் கண்ணுக்குத் தெரியாமல் போன இந்தக் குறையெல்லாம் பெரிய திரையில் பளிச்சென்று தெரியும். "புது டிவி வாங்கினோம், பழையதில்தான் சேனல் நன்றாகத் தெரிந்தது" என்று பலர் புலம்புவது இதனால்தான். வீட்டில் இன்னும் சேனல்கள்தான் அதிகம் ஓடுகிறது என்றால், கடையில் செட்டாப் பாக்ஸைப் போடச் சொல்லி, உங்கள் பட்டியலிலேயே ஆக மோசமாகத் தெரியும் சேனலை வைக்கச் சொல்லுங்கள். அதிலும் தேறுகிற டிவி மற்றதில் கட்டாயம் தேறும்.

நான் ஒரு பென் டிரைவும் கொண்டுபோனேன். அதில் முதலாவது, எங்கள் ஹாலில் ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா பேசிக்கொண்டிருப்பதை மொபைலில் எடுத்த வீடியோ. அம்மாவின் முகநிறம் எனக்குத் தெரியும், சோபாத் துணியின் நிறம் தெரியும். டிவி அதைச் சிவப்பாக்குகிறதா, வெளுக்க வைக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் தேவையில்லை. இரண்டாவது, இருட்டான தெருவில் ஒற்றை விளக்கு எரிவதை எடுத்த வீடியோ. மூன்றாவது, பச்சை மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேமரா நகரும் காட்சி. நான்காவது, வெறும் சாம்பல் நிறப் படம். இந்தக் கடைசியைப் பார்த்ததும் விற்பனையாளர் சிரித்தார். "சார், இதுல என்ன பாக்கப் போறீங்க? எல்லாமே 4கே தான், எல்லாம் ஒண்ணுதான்." போட்டுக் காட்டினேன். விலை உயர்ந்த ஒரு டிவியில் மேலிருந்து கீழாக அழுக்குப் பட்டைகள் தெரிந்தன. பின்னொளி திரை முழுக்கச் சீராகப் பரவாததால் வருவது இது. சினிமாவில் தெரியாது, மைதானத்தில் பந்து ஓடும்போது புல்லின் மேல் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். அதற்கப்புறம் அவரே ஸ்டோர் மோடை அணைத்துவிட்டு ஒவ்வொரு டிவியாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு விஷயம், இந்தப் பட்டைகள் ஒரே மாடலிலேயே பெட்டிக்குப் பெட்டி மாறும். கடையில் பார்த்தது சுத்தமாக இருந்தாலும் நமக்கு வருவது அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் அதே படத்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, எந்த வகைத் திரை என்பது. விளம்பரங்களில் ஏகப்பட்ட பெயர்கள் ஓடுகின்றன, ஆனால் அடிப்படையில் இரண்டே வகைதான். ஒன்று எல்சிடி. பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த ஒளியைத் தேவைக்கேற்ப விடும், மறைக்கும். முழுசாக மறைக்க அதனால் முடியாது, கொஞ்சம் கசியும். அதனால் இருட்டறையில் பார்த்தால் கறுப்பு என்பது அடர்ந்த சாம்பலாகத்தான் இருக்கும். எல்இடி டிவி, கியூஎல்இடி, மினி எல்இடி எல்லாமே இந்த வகைதான். விளக்கிலும் வண்ணப் படலத்திலும்தான் வித்தியாசம். இன்னொன்று ஓஎல்இடி. இதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு என்றால் அந்த இடத்தில் ஒளியே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு ஓஎல்இடியில் ஒரு ராத்திரிக் காட்சியைப் பார்த்தால் திரையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. எனக்கு மட்டும் வாங்குவதாக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஆனால் எங்கள் வீட்டில் பகல் முழுக்கச் செய்தி சேனல் ஓடும். மேலே மூலையில் அசையாத லோகோ, கீழே அசையாத சிவப்புப் பட்டை. ஓஎல்இடியில் பிக்சல்கள் ஒளிர ஒளிரத் தேயும். ஒரே இடம் ஒரே மாதிரி மாதக்கணக்கில் பிரகாசமாக எரிந்தால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேய்ந்து நிரந்தரத் தழும்பு விழலாம். இதைத் தடுக்கப் படத்தை ஓரிரு பிக்சல் நகர்த்துவது, லோகோவை மங்கலாக்குவது என்று தடுப்பு வேலைகள் இப்போதைய டிவிகளில் உண்டு. விதவிதமாகப் பார்க்கிற வீட்டில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரே சேனலை நாளெல்லாம் வைக்கிற வீட்டில் கவலைப்பட வேண்டியதுதான். வாங்குவதாக இருந்தால் உத்தரவாதத்தில் இந்தத் தழும்பும் அடங்குமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வாயால் சொல்வது போதாது. இது போக எங்கள் ஹாலில் டிவிக்கு எதிரே ஜன்னல். காலை வெயில் நேராகத் திரையில் விழும். திரை முழுக்க வெள்ளையாக வரும் காட்சியில் நல்ல எல்சிடியின் அளவுக்குப் பிரகாசம் ஓஎல்இடியில் பொதுவாக வராது. வெயிலில் இது தெரியும்.

ஆக, எல்சிடியிலேயே நல்லதாகத் தேட வேண்டியதாயிற்று. இங்கேதான் நிஜமான வித்தியாசம் இருக்கிறது, கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். மலிவான, மெல்லிய டிவிகளில் விளக்கு ஓரத்தில் மட்டும் இருக்கும். ஓர் இடத்தில் நிலா இருந்தால் அந்தப் பக்கம் முழுக்க வெளுக்கும். அடுத்த நிலையில் திரைக்குப் பின்னால் முழுப்பரப்பிலும் விளக்குகள் இருக்கும், அவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இதை லோக்கல் டிம்மிங் என்கிறார்கள். மினி எல்இடி என்பது இதையே இன்னும் பொடி விளக்குகளால் செய்வது. பகுதிகளின் எண்ணிக்கை சில டஜன்களிலிருந்து ஆயிரம், அதற்கு மேலும் போகும். 83 லட்சம் பிக்சலுக்கு ஆயிரம் பகுதி என்றாலும் ஒரு பகுதிக்கு எட்டாயிரம் பிக்சல் பொறுப்பு. அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றிப் புகைமாதிரி ஓர் ஒளிவட்டம் தெரியும். பகுதி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குறையும். என் இருட்டுத் தெரு வீடியோவை வைத்து இதைத்தான் பார்த்தேன். இதில் தோற்ற டிவிகளை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொரு சோதனைக்குப் பென் டிரைவ் கூட வேண்டாம். டிவிக்கு நேரே நில்லுங்கள், அப்புறம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போங்கள். எல்சிடியில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு ரகம் அதிகம் புழங்குகிறது. ஐபிஎஸ்ஸில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கறுப்பு வெளுப்பாக இருக்கும். விஏயில் கறுப்பு அதைவிட மூன்று மடங்கோ இன்னும் மேலாகவோ ஆழமாக இருக்கும், பக்கத்தில் போகப் போக நிறம் வெளுத்துவிடும். ஹாலில் சுற்றிச்சுற்றி உட்கார்ந்து பார்க்கிற குடும்பமென்றால் முதலாவது, எல்லாரும் நேரே உட்காருகிறவர்கள் என்றால் இரண்டாவது. நாங்கள் விஏ எடுத்தோம். அதற்காக அம்மாவின் நாற்காலியைப் பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அவருக்கு அது மரியாதையாகவே பட்டது.

ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் பட வடிவம்) என்று பெட்டியில் எழுதியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிக்னல் வந்தால் புரிந்துகொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், அதைக் காட்டும் தெம்பு இருக்கிறது என்பதல்ல. ஹெச்டிஆர் படங்களை 1000 நிட்ஸ், சிலதை 4000 நிட்ஸ் வரையான பிரகாசத்துக்கு வைத்துத் தயாரிக்கிறார்கள். லோக்கல் டிம்மிங் இல்லாத, 300 நிட்ஸைத் தொடவே சிரமப்படும் டிவியில் ஹெச்டிஆர் போட்டால் படம் சாதாரணத்தைவிட மங்கலாகத் தெரிவதும் உண்டு. டால்பி விஷன், ஹெச்டிஆர்10 பிளஸ் என்ற இரண்டு ஹெச்டிஆர் வகைகளில் ஒன்று இல்லையே என்று ஒரு நல்ல டிவியை ஒதுக்க வேண்டாம். இவற்றில் வரும் படங்கள் பெரும்பாலும் சாதாரண ஹெச்டிஆர்10 வடிவிலும் கிடைக்கும், அது எல்லா ஹெச்டிஆர் டிவியிலும் ஓடும்.

பையனின் கேமுக்கு வருவோம். அவன் கேட்டது 120 ஹெர்ட்ஸ். இதில் ஒரு சூது இருக்கிறது. திரை நிஜமாகவே வினாடிக்கு 120 முறை மாறுகிறதா, 60 முறை மாறும் திரைக்கு 'மோஷன் ரேட் 120' என்பதுபோல ஒரு பெயர் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பெயர்தான். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் 'நேட்டிவ்' ரிஃப்ரெஷ் ரேட்டைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கேம் விளையாடாதவர்களுக்கும் 120-ஆல் ஒரு லாபம் உண்டு. சினிமா எடுப்பது வினாடிக்கு 24 பிரேம். 120 என்பது 24-ஆல் மிச்சமில்லாமல் வகுபடும், ஒவ்வொரு பிரேமும் ஐந்து முறை. 60 வகுபடாது, ஒரு பிரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் லேசாகத் தத்துவது அதனால்தான்.

கன்சோலுக்கு 4கே-யில் 120 வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ 2.1 தரத்தில் ஒரு போர்ட் வேண்டும். பல டிவிகளில் நான்கு போர்ட் இருக்கும், அதில் இரண்டுதான் இந்தத் தரம். அந்த இரண்டில் ஒன்றுதான் சவுண்ட்பாரை (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான தனி ஸ்பீக்கரை) இணைக்கும் ஈஆர்க் போர்ட்டாகவும் இருக்கும். ஆக, சவுண்ட்பாரை மாட்டியதும் கேமுக்கு ஒன்றே ஒன்று மிஞ்சும். இரண்டு கன்சோல் இருக்கும் வீட்டில் இது சண்டையில் முடியும். வாங்குவதற்கு முன் டிவியின் பின்பக்கப் படத்தைப் பார்த்து, எதை எதில் மாட்டுவோம் என்று தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

சத்தத்தைப் பற்றி ஒரே வார்த்தையில் சொன்னால், மோசம். இன்றைய டிவிகள் மெல்லியவை, ஸ்பீக்கரை முன்பக்கம் பார்த்து வைக்க இடமில்லை. தரையையோ பின்சுவரையோ பார்த்துத்தான் கத்துகின்றன. இசை பரவாயில்லை, வசனம்தான் தெளிவாக இருக்காது. வயதானவர்கள் இருந்தால் சவுண்ட்பாருக்கு முதலிலேயே ஒரு தொகை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் டிவியைத் தேடுங்கள் என்பேன். வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார்தான் எங்களுக்கு உதவியது. டால்பி அட்மாஸ் மாதிரி சுற்றிலும் ஒலிக்கும் வசதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டிவி வந்து இறங்கும் நாளுக்கும் கொஞ்சம் தயாராக வேண்டும். பெட்டியை எப்போதும் நிமிர்த்தித்தான் கொண்டுவர வேண்டும், படுக்க வைத்தால் கண்ணாடியின் எடை நடுவில் இறங்கி விரியலாம். 65 இன்ச் பெட்டி ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளம், லிஃப்டில் நுழையுமா, மாடிப்படி வளைவில் திரும்புமா என்று முன்பே அளந்து வையுங்கள். நண்பர் ஒருவர் வீட்டில் பெட்டியில் ஒரு கீறல் கூட இல்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். சாயங்காலம் ஆன் செய்தபோது ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல். அணைந்திருக்கும்போது அது தெரியவே தெரியாது. மாற்றிக் கொடுப்பதற்குள் அவர் பாடு பெரும்பாடாகிவிட்டது. அதனால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ஆட்கள் இருக்கும்போதே மின்சாரம் கொடுத்து வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைப் படங்களைப் போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

மேஜையில் வைப்பதாக இருந்தால் டிவியின் கால்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பெரிய டிவிகளில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், பழைய மேஜை அகலம் போதாமல் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவிழாமல் இருக்கப் பின்னால் பட்டை போட்டுச் சுவரோடு கட்டுவது அவசியம். சுவரில் மாட்டினால் உயரம் முக்கியம். மாட்ட வருகிறவர்கள் நின்றுகொண்டே குறி வைப்பார்கள், நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். உட்கார்ந்த நிலையில் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும், திரையின் நடுப்பகுதி அதற்கு நேராக வர வேண்டும். 65 இன்சுக்கு அடிவிளிம்பு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் அளவில் வரும். "இவ்வளவு கீழயா?" என்று கேட்பார்கள். ஆமாம், அவ்வளவு கீழேதான். கழுத்து நம்முடையது.

பாதிப் பேர் கவனிக்காமல் விடுவது செட்டிங்ஸை. முதல்முறை ஆன் செய்யும்போது 'வீடா, கடையா' என்று கேட்டால் வீடு என்று சொல்லுங்கள். அப்புறம் படத்துக்கு 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' மோடைப் போடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்பது படைப்பாளிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க 2019-இல் அறிவிக்கப்பட்டது. டிவி தானாகச் சேர்க்கும் மெருகையெல்லாம் அணைத்துவிடும். போட்டதும் படம் மஞ்சளாகத் தெரியும். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நீலம் பாய்ந்த வெள்ளைக்குக் கண் பழகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது, சில நாளில் அதுவே சரியாகி, பழைய மோட்தான் கண்ணைக் குத்தும். ஷார்ப்னெஸைப் பெரும்பாலும் அடியோடு குறைத்துவிடலாம். அது விவரத்தைக் கூட்டுவதில்லை, ஓரங்களில் கோடு போடுகிறது. சினிமாவை மெகா சீரியல் மாதிரி வழுக்க வைக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். விளையாட்டுப் பார்க்கும்போது வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். சப்டைட்டிலைச் சுற்றி ஒளிவட்டம் தொந்தரவு செய்தால், பல ஆப்களில் எழுத்தின் நிறத்தை வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாற்ற முடியும். டிவிக்குப் பின்னால், கண்ணில் நேராகப் படாதபடி ஒரு சின்ன வெள்ளை விளக்கை வைத்தால் எல்சிடியின் கறுப்பு கண்ணுக்கு இன்னும் கறுப்பாகத் தெரியும், இருட்டில் கண்ணும் களைக்காது.

ஆப், சாஃப்ட்வேர் விஷயத்தை வைத்து டிவியைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். திரை பத்து வருடம் உழைக்கும், அதற்குள் இருக்கும் சாஃப்ட்வேர் அதற்கு வெகுமுன்பே மெதுவாகிவிடும். அப்போது ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை மாட்டிக்கொண்டால் ஆயிற்று. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ் இணைய வேகம்தான். வீட்டு இணைப்பில் அது இருக்கும், டிவி இருக்கும் மூலைக்கு வைஃபை சரியாக வருகிறதா என்பதுதான் கேள்வி. செட்டிங்ஸில் இன்னொன்றையும் தேடி அணையுங்கள். திரையில் என்ன ஓடுகிறது என்பதை டிவியே அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும் வசதி அது. 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' அல்லது அதுபோல ஏதாவது சாதுவான பெயரில் ஒளிந்திருக்கும், முதல்நாள் எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' அமுக்கும்போது அதற்கும் சேர்த்து அமுக்கியிருப்போம்.

எங்கள் வீட்டில் எவ்வளவு சொன்னாலும் அம்மாவுக்குச் சினிமா மோட் பிடிக்கவில்லை, "மங்கலா இருக்கே" என்பார். பகல் வெயிலில் அவர் சொல்வது சரிதான். பெரும்பாலான டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் பட அமைப்பைத் தனித்தனியாகச் சேமிக்க முடியும். செட்டாப் பாக்ஸ் இருக்கும் போர்ட்டுக்குப் பிரகாசமான ஸ்டாண்டர்டு மோட், கன்சோலுக்குப் படத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட், படம் பார்க்கும் ஆப்களுக்கு ஃபிலிம்மேக்கர் என்று வைத்துவிட்டோம். யாரும் யாருடைய செட்டிங்ஸிலும் கை வைப்பதில்லை. ரிமோட் யார் கையில் என்பதில்தான் இன்னும் தகராறு.